கட்டற்ற, விலையில்லா, பொது: திறந்த கல்வி வளங்கள் குறித்துச் சில குறிப்புகள்

'இலவசம்' என்கிற சொல்லை உச்சரிக்கும்போதே நம்முடைய நடுத்தர வர்க்கக் குரலில் ஒரு இளப்பம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'சும்மா கிடைக்குதில்ல, அதான் அருமை தெரியல' என்பது அதன் வழக்கமான பின்பாட்டு. 2011-க்குப் பிறகு தமிழக அரசு அந்தச் சொல்லைக் கைவிட்டு 'விலையில்லா' என்று போட ஆரம்பித்தது. விலையில்லா மடிக்கணினி, விலையில்லா மிதிவண்டி, விலையில்லாப் பாடநூல். இதே காலப்பகுதியில் இன்னொரு மூலையில், தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வந்தவர்களும் மென்பொருள் ஆர்வலர்களும் 'கட்டற்ற' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். அதனால் ஏற்பட்ட குழப்பத்தை விளக்கியே ரிச்சர்ட் ஸ்டால்மனுக்குப் பல ஆண்டுகள் போயின. தமிழில் அந்தச் சங்கடம் இல்லை. விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு என்று மொழியே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கல்வி பற்றிய நம் விவாதங்களில் இந்தப் பிரிவினையைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 'எல்லாம்தான் நெட்டுல ஃப்ரீயா கிடைக்குதே' என்று தோழர்கள் சொல்லும்போது எந்த 'ஃப்ரீ'யைச் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாக வேண்டும் என்பதற்காகவே இக்குறிப்புகள்.

'திறந்த கல்வி வளங்கள்' என்று இன்று வழங்கப்படும் கருத்தாக்கத்துக்கு ஒரு பிறப்பிடமும் பிறந்த தேதியும் உண்டு. 2001 ஏப்ரலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தன்னுடைய பாடத்திட்டங்கள், விரிவுரைக் குறிப்புகள், வினாத்தாள்கள் அனைத்தையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைக்கப்போவதாக அறிவித்தது. அது இணைய வணிகக் குமிழி உடைந்துகொண்டிருந்த நேரம். பல்கலைக்கழகங்கள் எல்லாம் பாடத்தை விற்றுக் காசாக்குவது எப்படி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பல்கலைக்கழகம் 'விற்கப்போவதில்லை' என்று சொன்னது செய்தியாயிற்று. ஹியூலெட், மெலன் ஆகிய இரு அறக்கட்டளைகள் பணம் கொடுத்தன. அடுத்த ஆண்டு, 2002 ஜூலையில், பாரிசில் யுனெஸ்கோ ஒரு கூட்டம் கூட்டியது. அங்கேதான் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற தொடர் உருவாக்கப்பட்டது. அந்தக் கூட்டத்தின் பொருள் என்ன தெரியுமா? வளரும் நாடுகளின் உயர்கல்வியில் திறந்த பாடங்களின் தாக்கம். தொடர் பிறந்த கணத்திலேயே கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பது தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பாஸ்டனில் இருக்கிற பாடம் இங்கே வரும். இங்கே இருப்பது எதுவும் பாஸ்டனுக்குப் போக வேண்டிய அவசியம் அந்தச் சொல்லாடலுக்குள் எழவேயில்லை.

இதைச் சொல்வதால் எம்.ஐ.டி.யின் காரியத்தைச் சதி என்று ஒதுக்கிவிடச் சொல்வதாக அர்த்தமில்லை. அப்படி ஒதுக்குவது நமக்குச் சுலபம், பழகிய பாதை. அந்தப் பாடங்களை வைத்துக் கணிதமும் இயற்பியலும் கற்றுக்கொண்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நான் கவனப்படுத்த விரும்புவது வேறு. திறப்பவன் ஒருவன், நுழைபவன் இன்னொருவன் என்ற அமைப்பில் திறப்பவனுக்கு மூடும் உரிமையும் சேர்ந்தே இருக்கிறது. இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2012-இல் அதே எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து லாபநோக்கற்ற அமைப்பாக எட்எக்ஸ் என்பதைத் தொடங்கின. அந்த வருடம் 'பெருந்திரள் திறந்த இணையவழிப் பாடங்கள்' பற்றிப் பத்திரிகைகள் எழுதாத புகழ்மொழி இல்லை. 2021-இல் எட்எக்ஸ் 80 கோடி டாலருக்கு 2யூ என்ற லாபநோக்கு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2024-இல் 2யூ திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. இதே காலத்தில் பிறந்த கோர்செரா 2021-இல் பங்குச்சந்தைக்கு வந்தது. 'திறந்த' என்ற அடைமொழி இந்தப் பயணம் முழுக்கக் கூடவே வந்துகொண்டிருந்தது என்பதுதான் வேடிக்கை. நம்மூரில் 2003-இல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். இவ்வளவு தூரம் போகவில்லை. காணொளிகள் எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஆனால் சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டும். பாடத்தில் விலையில்லை, பாடம் படித்ததற்கான அத்தாட்சியில் விலை இருக்கிறது. வேலைச்சந்தை கேட்பது எதை என்று எல்லோருக்கும் தெரியும்.

*

அப்படியானால் 'கட்டற்ற' என்று எதைச் சொல்வது? டேவிட் வைலி என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தார். முதலில் 2007-இல் நான்கு உரிமைகள், பிறகு 2014-இல் ஐந்தாவது. ஒரு பாடப்பொருளை அப்படியே பயன்படுத்தலாமா? நம் தேவைக்கேற்ப மாற்றலாமா? இன்னொன்றோடு கலக்கலாமா? மற்றவருக்குப் பரப்பலாமா? பின்னால் சேர்த்த ஐந்தாவது: நம்மிடமே ஒரு படியை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா? கடைசியாகச் சேர்க்கப்பட்ட இதுதான் முக்கியமானது என்பது என் கருத்து. பழைய காலத்தில் புத்தகம் வாங்கினால் அது நம் வீட்டில் இருந்தது. இன்று பார்க்கத்தான் முடிகிறது, வைத்துக்கொள்ள முடிவதில்லை. 2014-இல் வைலி இதைச் சேர்க்க வேண்டிவந்ததே, 'பார்க்க விடுவது' என்பது 'கொடுப்பது' என்ற பெயரில் நடமாட ஆரம்பித்துவிட்டதால்தான்.

சட்டரீதியாக இந்த உரிமைகளை எழுதிக் கொடுப்பதற்கு 2002 டிசம்பரில் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பயன்படுகின்றன. பதிப்புரிமையை ஒழிக்காமல், பதிப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டே 'இன்னின்னதை நீ என்னைக் கேட்காமல் செய்துகொள்' என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஏற்பாடு இது. பெயரைச் சொல், வணிகத்துக்குப் பயன்படுத்தாதே, மாற்றாதே, மாற்றினால் அதையும் இதேபோலத் திறந்து வை. இந்த நிபந்தனைகளை வெவ்வேறு விதமாகச் சேர்த்து உரிமங்கள் அமைகின்றன. 'மாற்றாதே' என்ற நிபந்தனை ஒட்டிய பொருள் கல்விக்குப் பாதி செத்த பொருள். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான் என்று சட்டம் கருதுவதால், அதைத் தமிழாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுகூட அனுமதி மீறல் ஆகிவிடும். 'வணிகத்துக்குப் பயன்படுத்தாதே' என்பது பார்க்க முற்போக்காக இருக்கிறது. ஆனால் ஒரு சிறு பதிப்பாளர் அச்சுக்கூலியும் தாள்விலையும் சேர்த்து ஐம்பது ரூபாய்க்கு விற்றால் அது வணிகமா இல்லையா? இதற்குத் தெளிவான பதில் இல்லை. சிற்றேட்டுக்காரர்களாகிய நாம் எல்லோரும் அந்த மங்கலான எல்லையில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

ஆசிரியனின் மரணம் பற்றி நமக்கு முந்தைய தலைமுறை இந்தப் பக்கங்களில் நிறைய எழுதியது. பார்த் அறிவித்தபடி 1967-இல் ஆசிரியன் இறந்துபோனான். இந்தியச் சட்டத்திலோ ஆசிரியன் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் உயிரோடு இருக்கிறான். முன்பு அது 50 ஆண்டுகளாகத்தான் இருந்தது. தாகூர் 1941-இல் மறைந்ததால் 1991 முடிவில் அவருடைய எழுத்துகள் பொதுவுக்கு வர வேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போடவே 1992-இல் சட்டம் திருத்தப்பட்டுப் பத்து ஆண்டுகள் கூட்டப்பட்டன. ஒரு கவிஞருக்காக நீட்டப்பட்ட வேலிக்குள் நாட்டின் எல்லா எழுத்தாளர்களும் அகப்பட்டார்கள். 1956-இல் மறைந்த அம்பேத்கரின் எழுத்துகள் 2007-க்குப் பதில் 2017 ஜனவரி 1-இல்தான் பதிப்புரிமையிலிருந்து விடுபட்டதும் இதனால்தான். கட்டுடைப்பு பேசிய நாம் பதிப்புரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைக்கூடப் படித்ததில்லை என்பது நம் கோட்பாட்டு ஆர்வத்தைப் பற்றி எதையோ சொல்கிறது.

*

தமிழ்நாட்டின் பாடநூலுக்கு வருவோம். பாடநூல் கழகம் பள்ளிப் புத்தகங்களின் பிடிஎஃப் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறது. யாரும் தரவிறக்கலாம். இது சாதாரண விஷயமில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் கிராமத்து இளைஞர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை வரிசையாக இறக்கிப் படிப்பதை எங்கும் பார்க்கலாம். 2018 முதல் வந்த புதிய புத்தகங்களில் விரைவுக் குறியீடுகளை அச்சிட்டு, கைபேசியில் காட்டினால் காணொளி வரும்படியும் செய்தார்கள். எல்லாம் விலையில்லாதது. ஆனால் கட்டற்றதா? பதிப்புரிமை அரசிடம். மாற்றும் உரிமை அரசுக்கு மட்டும்.

அந்த உரிமையை அரசு எப்படிப் பயன்படுத்தும் என்பதற்கு 2011 ஒரு பாடம். சமச்சீர்க் கல்விப் புத்தகங்கள் அச்சாகித் தயாராக இருந்தன. ஆட்சி மாறியது. உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஆகஸ்டில் புத்தகங்கள் பிள்ளைகள் கைக்கு வந்தன. வந்தபோது முந்தைய ஆட்சியோடு தொடர்புடைய பகுதிகள் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பிரதியைத் திருத்துவது என்றால் என்ன என்று மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டாளரும் விளக்கியிருக்க முடியாது.

இன்னும் நுட்பமான உதாரணம் டெல்லியிலிருந்து. என்.சி.இ.ஆர்.டி. தன் புத்தகங்களிலிருந்து பல பகுதிகளைப் 'பாடச்சுமைக் குறைப்பு' என்ற பெயரில் நீக்கியது. 2023 ஜூனில், அரசியல் அறிவியல் புத்தகங்களின் முதன்மை ஆலோசகர்களாக இருந்த சுகாஸ் பல்ஷிகரும் யோகேந்திர யாதவும் 'இந்தச் சிதைக்கப்பட்ட புத்தகத்தில் எங்கள் பெயர் வேண்டாம், எடுத்துவிடுங்கள்' என்று எழுதினார்கள். பதிப்புரிமை தன்னிடம் இருப்பதைச் சுட்டிக்காட்டி, தனிநபர்கள் இப்படி விலகிக்கொள்வதற்கு இடமில்லை என்றது அந்த நிறுவனம். ஆசிரியன் பெயரைத் தக்கவைத்துக்கொண்டு ஆசிரியன் எழுதியதை நீக்கும் அதிகாரம். ஃபூக்கோ 'ஆசிரியன் என்கிற செயற்பாடு' பற்றிப் பேசியதை நம் வகுப்பறைகளில் கற்பிக்க இந்த ஒரு கடிதப் போக்குவரத்து போதும்.

இங்கேதான் கட்டற்ற உரிமத்தின் அரசியல் புலப்படுகிறது. அந்தப் புத்தகங்கள் மாற்றவும் பரப்பவும் அனுமதிக்கும் உரிமத்தின்கீழ் வெளிவந்திருந்தால், நீக்கப்படாத பழைய பதிப்பை யாரும் சட்டப்படியே அச்சிட்டிருக்கலாம்; நீக்கியதையும் சேர்த்துப் புதிய பதிப்பு கொண்டுவந்திருக்கலாம். அரசின் அதிகாரபூர்வப் பிரதி ஒன்று இருக்கும், பக்கத்திலேயே வேறு பிரதிகளும் இருக்கும். பிரதியின் பன்மை என்று நாம் சொல்லிவந்தது இலக்கியத் தத்துவமாகவே நின்றுவிட்டது. அதற்கு ஒரு சட்ட வடிவம் உண்டு, அது இதுதான்.

சட்டத்துக்கு அப்பாலும் பூட்டுகள் உண்டு. பல தமிழ்ப் பிடிஎஃப்களில் ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். கொக்கிகளும் குறிகளுமாக எதுவோ வரும். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் அச்சுக்கோத்த கோப்பு அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குத் தமிழே இல்லை. தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010-இல். ஆனால் அச்சுத்தொழிலில் பழைய பழக்கம் சீக்கிரம் போகவில்லை. பார்வையற்ற மாணவர் ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளில் அந்தப் பாடத்தைத் திறந்தால் அவருக்குக் கேட்பது வெறும் பிதற்றல். எந்த வழக்கறிஞரும் போடாத பூட்டு இது. ஆனால் பூட்டுதான்.

*

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எஸ்.கே. போலே கொண்டுவந்தது. அரசுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கப்படும் குளங்கள், கிணறுகள், பள்ளிகள் எல்லாம் தீண்டப்படாதோருக்கும் திறந்தவை என்றது. 1924-இல் மகாத் நகராட்சி தன் சவுதார் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று தீர்மானம் போட்டது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. மூன்று ஆண்டுகள் ஒரு தலித்தும் அதில் தண்ணீர் எடுக்க முடியவில்லை. 1927 மார்ச் 20-இல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் போய்க் குடித்தார்கள், அடிவிழுந்தது, குளம் 'சுத்தி' செய்யப்பட்டது, ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. வழக்கு 1937 வரை இழுத்தது.

திறந்த கல்வி பற்றிய எந்த ஆவணத்தையும் படிக்கும்போது இந்தக் குளம் என் நினைவுக்கு வராமல் போவதில்லை. 'ஊர்ப் பொது' என்று நம் கிராமங்களில் சொல்லப்பட்டது எப்போதும் ஊருக்குத்தான் பொது, சேரிக்கு அல்ல. மேலைநாட்டுக்காரர்கள் 'பொதுமம்' பற்றி எழுதும்போது அடைக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தை நினைத்து ஏங்குகிறார்கள். அடைக்கப்படுவதற்கு முன் அது எல்லோருக்கும் இருந்தது என்பது அந்தக் கதையாடலின் அடிப்படை. நமக்கு அந்த ஏக்கத்துக்கு வழியில்லை. இங்கே வேலி நிலத்தைச் சுற்றி இல்லாமலே மனிதர்களைச் சுற்றி இருந்தது. ஆகவே 'பொது' என்று அறிவிப்பதில் காரியம் முடிவதில்லை. யார் இறங்கித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். பாடங்கள் இணையத்தில் இருந்தன. வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பும்போது ராத்திரி எட்டு மணி, நெட் பேக் தீர்ந்திருக்கும். இரண்டு பிள்ளைகள் இருந்தால் பையனுக்குத்தான் போன். 2019-இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் அப்போது ஓரளவு கைகொடுத்தது. காரணம் எளிது: அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி வீட்டில் ஏற்கனவே இருந்தது. 2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி, தெருவிலேயே தன்னார்வலர்களை வைத்து மாலை வகுப்பு நடத்த வேண்டிவந்தது. பாடம் திறந்திருந்தும் குழந்தையருகே ஒரு ஆள் உட்கார வேண்டியிருந்தது. கல்வி வளம் என்று எதைச் சொல்கிறோமோ அதில் அந்த ஆள் கணக்கில் வருவதேயில்லை. அந்தத் தன்னார்வலர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்பதையும் இங்கே சேர்த்து வாசிக்க வேண்டும்.

தண்ணீர் எடுப்பதற்கான சண்டை நகலகத்திலும் நடந்திருக்கிறது. டெல்லி பொருளியல் பள்ளி வளாகத்துக்குள் ராமேஸ்வரி ஃபோட்டோகாப்பி என்று ஒரு சின்னக் கடை. பேராசிரியர்கள் பரிந்துரைத்த நூல்களிலிருந்து இயல்களை நகலெடுத்துப் பாடக்கட்டாகத் தைத்து மாணவர்களுக்குக் கொடுத்துவந்தது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸும் அந்தக் கடை மீதும் பல்கலைக்கழகம் மீதும் வழக்குப் போட்டன. மாணவர்களும் ஆசிரியர்களும் தாங்களாகவே வழக்கில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள். 2016 செப்டம்பரில் நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். கற்பித்தலின் போக்கில் நகலெடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே அனுமதிக்கிறது என்றார். டிசம்பரில் இருவர் அமர்வும் சட்டத்தை அவ்வாறே வாசித்தது. 2017-இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. இதில் யாரும் எந்த உரிமமும் தரவில்லை, யாரும் திறந்துவைக்கவில்லை. இருக்கிற சட்டத்துக்குள் இருந்த உரிமையை மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எம்.ஐ.டி.யின் கொடையைவிட இந்தத் தீர்ப்பு நமக்கு நெருக்கமானது என்பேன். நம் கல்லூரித் தமிழ்த்துறைகளில் இதைப் பற்றி ஒரு கருத்தரங்கம் நடந்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

*

தமிழுக்கு இந்த விஷயத்தில் சொந்தமான ஒரு வரலாறு உண்டு. பாரதி பாடல்களைத் திரைப்படத்திலும் இசைத்தட்டிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டு வந்ததையொட்டித் தகராறு எழுந்தது. 'பாரதி யாருக்குச் சொந்தம்' என்று எழுத்தாளர்கள் கிளம்பினார்கள். 1949-இல் அரசு உரிமையைப் பெற்றுப் பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அன்று தொடங்கிய 'நாட்டுடைமையாக்கம்' என்ற மரபு வேறெந்த மொழியிலும் இந்த அளவுக்கு வேர்விடவில்லை. வாரிசுகளுக்கு ஒரு தொகை கொடுத்துவிட்டு நூல்களை எவரும் பதிப்பிக்கலாம் என்று அரசே அறிவிப்பது, உரிமம் என்ற சொல்லே இல்லாத காலத்தின் கட்டற்ற உரிமம். அதில் குறைகள் உண்டு. யாரை நாட்டுடைமையாக்குவது என்பதில் அந்தந்த ஆட்சியின் விருப்புவெறுப்பு வெளிப்படை. பிழை மலிந்த மலிவுப் பதிப்புகள் சந்தையை நிரப்பின. மூலபாடத்தைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. இருந்தும் அதன் பலன் இணையம் வந்தபோது தெரிந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்திடமிருந்து வந்த நாட்டுடைமை நூல்களின் படிகளை விக்கிமூலத்தில் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக மெய்ப்புப் பார்த்துத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற மொழிக்காரர்கள் 60 ஆண்டு காத்திருக்க வேண்டியதற்கு நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

சொத்தாக்கும் மனோபாவம் இயக்கங்களுக்குள்ளும் உண்டு. பெரியார் திராவிடர் கழகம் 'குடிஅரசு' தொகுப்புகளை வெளியிட முனைந்தபோது பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் பதிப்புரிமை கோரி உயர்நீதிமன்றம் போனது. 2009-இல் நீதிமன்றம் தடை தர மறுத்தது. தனியுடைமைக்கு எதிராகப் பேசிய ஒருவரின் எழுத்து உடைமை வழக்குக்குள்ளாவதன் முரணை விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எம்.ஐ.டி. அறிவிப்புக்கு மூன்றாண்டு முன்பே, 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, உலகெங்கும் பரவியிருந்த தன்னார்வலர்கள் வேலை முடிந்து வந்து ராத்திரியில் சங்க இலக்கியத்தையும் பக்தி இலக்கியத்தையும் தட்டச்சு செய்தார்கள். அறக்கட்டளைப் பணமில்லை, பல்கலைக்கழகமில்லை. முதலில் தமிழுக்கான பழைய குறியாக்கங்களில், பிறகு எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி. எம்.ஏ. தமிழ் படித்தவர்களில் மதுரைத் திட்டத்திலிருந்து ஒரு பாட்டையாவது எடுக்காதவர் யாரும் இருக்க முடியாது; அதைத் தன் ஆய்வேட்டில் குறிப்பிட்டவர்கள்தான் அபூர்வம். நூலைக் குறிப்பிட்டுவிட்டு இணையத்திலிருந்து எடுப்பது நம் துறைகளின் எழுதப்படாத விதி.

ஈழத்தில் இதற்கு வேறு அர்த்தம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை, சிற்றிதழ்களை, நாளேடுகளை, பள்ளிச் சஞ்சிகைகளை, துண்டறிக்கைகளைக்கூட எண்ணிமமாக்கி வைக்கிறது. அங்கே 'திறந்த' என்பது வசதியைப் பற்றிய சொல் அல்ல. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருப்பது எரிக்கப்படலாம். ஆயிரம் பேரிடம் படி இருந்தால் எரிக்க முடியாது. வைலியின் ஐந்தாவது உரிமையை யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இதற்கு எதிர்முனையில் ஒரு இழப்பு. 1960கள், 70களில் கல்லூரிகளில் தமிழ்வழிக் கல்வியைக் கொண்டுவரும் முனைப்பில் வேதியியல், பொருளியல், உளவியல், நிலவியல் என்று நூற்றுக்கணக்கான நூல்கள் அரசால் தமிழில் எழுதுவிக்கப்பட்டன. தமிழ்வழி வகுப்புகள் தேயவும் அந்த நூல்கள் கிடங்குகளுக்குப் போயின. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றைக் காணலாம், பக்கங்களின் படங்களாக. அறிவியல் பழையதாகிவிட்டிருக்கும், சரி. ஆனால் கலைச்சொல்லை உருவாக்க அந்த ஆசிரியர்கள் பட்டபாடு அதில் இருக்கிறது. அவற்றை எழுத்தாக மாற்றி, காலாவதியான பகுதியை நீக்கிப் புதியதைச் சேர்த்தால் தமிழில் கல்லூரிப் பாடநூல் சூனியத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. ஆங்கிலத்திலிருந்து எந்திர மொழிபெயர்ப்பில் வரும் உருக்குலைந்த தமிழுக்கு, நம் பேராசிரியர் ஒருவர் 1972-இல் எழுதிய தமிழ் எவ்வளவோ மேல்.

*

1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியில் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை விடுதியில் நடைமுறைப்படுத்தி, 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்று அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. அதைக் கண்டுபிடித்தது பெல்லா, ஜோசஃப் லங்காஸ்டரா என்று அங்கே பெரிய சண்டை. சட்டாம்பிள்ளையை வைத்துத் திண்ணைப் பள்ளி நடத்திவந்த வாத்தியாரை யாரும் சாட்சிக்குக்கூட அழைக்கவில்லை. (அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஏற முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.) திறந்திருந்த ஒரு முறை எடுத்துச் செல்லப்பட்டு, எடுத்தவன் பெயரில் திரும்பி வந்தது.

இதே இன்று வேறு அளவில் நடக்கிறது. விக்கிப்பீடியா, மதுரைத் திட்டம் போன்றவற்றில் தன்னார்வலர்கள் ராத்திரியில் உட்கார்ந்து சேர்த்த தமிழ், பெருநிறுவனங்களின் மொழி மாதிரிகளுக்குத் தீனியாகிறது. பெயரைச் சொல், இதேபோலத் திறந்து வை என்ற நிபந்தனைகள் அந்த இயந்திரத்துக்குள் என்ன ஆகின்றன என்பது உலகெங்கும் நீதிமன்றங்களில் முடிவாகாமல் கிடக்கிறது. அதற்காக மூடி வைக்கலாமா என்றால், மூடினால் பாதிக்கப்படுவது பெருநிறுவனம் அல்ல, மாலைப் பள்ளியில் பாடம் தேடும் ஆள்தான்.

எல்லாவற்றையும் திறந்துவிடலாம் என்பதிலும் எனக்குச் சம்மதமில்லை. நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர்கள் பதிவு செய்த ஒப்பாரிகளும் நடவுப் பாட்டுகளும் ஒலிநாடாக்களில் கிடக்கின்றன. அவற்றை இணையத்தில் போட வேண்டும் என்று இப்போது பேச்சு. பாடிய கிழவியிடம் அன்று யாரும் கேட்கவில்லை. அந்த ஒப்பாரியில் அவளுடைய வீட்டுச் சங்கதி இருக்கிறது, பண்ணையாரின் பெயர் இருக்கிறது. பதிவு செய்தவர் பதிப்புரிமையாளர் என்கிறது சட்டம். அவர் மனமுவந்து 'கட்டற்ற' உரிமத்தில் வெளியிட்டால் தாராள மனசுக்காரர் என்று பெயர் வாங்குவார். தன்னுடையதல்லாததைத் திறந்து வைக்கும் தாராளம் அது. பாடியவளின் பேரப்பிள்ளைகள் ஊரில்தான் இருப்பார்கள். போய்க் கேட்கலாம், பஸ் இருக்கிறது.

நம்முடையதைப் பற்றியாவது நாம் முடிவெடுக்கலாம். சிற்றேடுகளின் உள்ளட்டையில் ஆசிரியர் குழு, முகவரி, சந்தா விவரம், அச்சகத்தின் பெயர் எல்லாம் இருக்கிறது. கட்டுரையை யாரேனும் ஒரு படிப்பு வட்டத்துக்கு நகலெடுக்கலாமா, மலையாளத்தில் மொழிபெயர்க்கலாமா, சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதற்கு ஒரு வரியும் இல்லை. சொல்லாமல் விட்டால் சட்டப்படி அதன் பொருள் 'அனைத்து உரிமைகளும் எங்களுக்கே' என்பது. இதழ் நின்று, ஆசிரியர் மறைந்து, எழுதியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல்போன பிறகு, கடைசியாக எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு முடியும்வரை அந்தப் பக்கங்களை யாரும் சட்டப்படி மறுபதிப்புச் செய்ய முடியாது. ஐந்நூறு படி அச்சிட்டு, கட்டு கட்டாகப் பஸ்ஸில் போட்டு அனுப்பிய இதழ்களின் கதை இது. அடுத்த இதழின் உள்ளட்டையில் அந்த வரியை எப்படி எழுதுவது, 'வணிகத்துக்குக் கூடாது' என்பதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஆசிரியர் குழுவுக்குள் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. என் வாக்கு வேண்டாம் என்பதற்கு. எழுதியவரின் பெயரைச் சொன்னால் போதும். கூட்டத்தில் மற்ற இருவர் ஒத்துக்கொள்ளவில்லை.